வெள்ளியும் ஞாயிறும் மட்டும் வரும் திருடன்

அத்தியாயம் 6

சுவரில் தொங்கிய அட்டவணையைக் கிளாடிஸ் டீச்சர் முழுதாக மூன்று நிமிடம் படித்தார். தப்பான விடைத்தாளை மட்டும்தான் அவர் அவ்வளவு நேரம் படிப்பார் என்பது செந்தூர்வேலுக்குத் தெரியும். நாசரேத்தில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு, ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வந்து தூத்துக்குடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர் டீச்சர். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவு தட்டுவது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது ஆகிய மூன்றும் செந்தூர்வேலின் உத்தியோகம்.

அட்டவணையில் ஏழு பிரவுசர்கள், பதினோரு கட்டங்கள். பச்சையில் சரி, சிவப்பில் தவறு. தலைப்பு: ‘நம்மை வேவு பார்ப்பது யார்?’ அடியில், தலைப்பைவிடப் பெரிய எழுத்தில்: ‘ஆய்வு: தா. ஜெபசீலன், உரிமையாளர்.’ காற்றோ கரப்பானோ தின்றுவிடாதபடி பிளாஸ்டிக் உறை வேறு.

“ரெண்டு மாசம் உக்காந்து தயார் பண்ணினது டீச்சர்” என்றார் ஜெபசீலன் அண்ணாச்சி.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கறி, கயிறு, சோப்பு என்று கேட்டதையெல்லாம் கொண்டுபோய் இறக்கும் சப்ளை வியாபாரம் அவருடையது. பீச் ரோட்டில் சொந்தக் கட்டடம். வாசல் கண்ணாடியில் அவர் பெயர், உள்கண்ணாடியில் அவர் பெயர், காபி டம்ளரில்கூட அவர் பெயர்.

“ஜனங்க மாடு மாதிரி டீச்சர். ஃபோனை வாங்கும்போது எந்த பிரவுசரை உள்ள போட்டுத் தாரானோ அதையே மேயுதாங்க. எங்க போனோம், என்ன வாங்கினோம், அம்புட்டையும் அவன் எழுதி வச்சு விக்கான். நான் ‘கேடயம்’ங்கிற பிரவுசருக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு” என்று தம் கம்ப்யூட்டர் திரையில் இருந்த கேடயம் போட்ட சின்னப் படத்தைத் தட்டிக் காட்டினார். “விளம்பரம் கிடையாது. பின்னால வாரவன் கிடையாது. நான் என்ன தேடுதேன்னு எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்.”

“கர்த்தர் யார்ட்டயும் சொல்ல மாட்டாரே?” என்றான் செந்தூர்வேல்.

டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் காபியைக் குடிக்கத் தொடங்கினான்.

விஷயம் இதுதான். ஒரே மாதத்தில் மூன்று கப்பல்கள் கைவிட்டுப் போயிருந்தன. அண்ணாச்சியின் வேன் போவதற்குள், போட்டிக்காரன் ஷாமின் வேன் கப்பலடியில் நின்றது. இன்ன கப்பல், இன்ன தேவை என்று யாரோ முன்கூட்டியே அவனுக்குச் சொல்கிறார்கள். அது யார் என்பதையும் அண்ணாச்சி கண்டுபிடித்து முடித்துவிட்டார்.

“அனுசியா. மெயில் பாக்க பிள்ளை. இந்த ஆபீஸ்ல எல்லாரும் கேடயம்தான் திறக்கணும்னு உத்தரவு போட்டிருக்கேன். இவ எனக்குத் தெரியாம அந்த வேவுகார பிரவுசரைத் திறந்து வச்சிருந்தா. என் கண்ணால பார்த்தேன். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஹார்பருக்கு ஒரு கடிதம் எழுதியாச்சு, இந்தப் பிள்ளையை நம்பக்கூடாது, இவ பாஸை ரத்து பண்ணுங்கன்னு. சரியா அஞ்சு மணிக்கு மெயில் தானா போயிரும். நேரம் குறிச்சு வச்சிட்டேன்.”

“அப்படின்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்றார் டீச்சர்.

“எப்படித் திருடினான்னு ஒரு பக்கத்துக்கு எழுதித் தந்தீங்கன்னா, அதையும் கூட வைக்கலாம்.”

“விடையை நீங்களே எழுதிட்டு, செய்முறைக்கு மட்டும் ஆள் பிடிக்கியளோ அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டான் செந்தூர்வேல். இம்முறை டீச்சர் அவனை முறைக்கவில்லை.

அனுசியா பின்னறையில் இருந்தாள். மாப்பிள்ளையூரணியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவள், இருபத்தெட்டு வயதிருக்கும். கைப்பை மேஜைமேல் தயாராக இருந்தது. கழுத்துக் கயிற்றில் துறைமுக பாஸ். அதன் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கினது டீச்சர் இது. இது போச்சுன்னா ஹார்பரைச் சுத்தி ஒரு கம்பெனியும் என்னை வாசல்ல ஏத்தாது. எனக்கு இந்த வேலை தவிர ஒண்ணும் தெரியாது.” குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல்.

“அந்த பிரவுசரைத் திறந்தியா?”

“திறந்தேன். தினமும் திறக்கேன். எந்தக் கப்பல் எங்கன நிக்குதுன்னு காட்டுத பக்கம் கேடயத்துல வராது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அண்ணாச்சிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ‘அந்தப் பக்கம் சரியில்லை, கேடயம் சரிதான்’னாரு. கப்பல் அவரு சொல்லுதது கேட்டு நிக்குமா? அதனால அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் உலகமே வச்சிருக்க பிரவுசர். மெயில், மத்தது எல்லாம் கேடயத்துலதான்.”

“அந்த பிரவுசர்காரன் நீ பாக்கதைத் தெரிஞ்சுக்கிடுவானே?”

“தெரிஞ்சுக்கிடட்டும். கப்பல் வந்து நிக்கதை பீச் ரோட்டுல சுண்டல் திங்கவன்கூட பாக்கான். அதுல என்ன ரகசியம் இருக்கு?”

டீச்சர் நோட்டில் எதையோ எழுதினார். செந்தூர்வேல் எட்டிப் பார்த்தான். ‘அனுசியா: பத்துக்கு ஒன்பது.’ அதற்கு மேல், அண்ணாச்சிக்குப் போட்டிருந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் அவனுக்குப் புரையேறியது.

“மூணாவது கப்பலைப் பத்திச் சொல்லு.”

“ஒலெனான்னு பேரு டீச்சர். ஷாமோட வேன் முந்திருச்சு. ஆனா அதுல ஒரு கூத்து நடந்தது. கேப்டன் எனக்கு மெயில் போட்டிருக்காரு, பாருங்க.”

கேப்டனின் ஆங்கிலத்தை டீச்சர் தமிழில் வாசித்தார். ‘உங்கள் போட்டியாளர் பக்வீட் என்ற தானியத்தை ஐந்து மூட்டை கொண்டுவந்து, உங்கள் ஊர்ச் சாப்பாடு, ஆசையாகச் சாப்பிடுங்கள் என்றார். நாங்கள் அத்தனை பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். மற்றதை எடுத்துக்கொண்டு மூட்டைகளைத் திருப்பி அனுப்பினோம். எங்கள் சமையல்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.’

“கப்பல்காரங்க அனுப்பின பட்டியல்ல பக்வீட் இருந்ததா?”

“இல்லவே இல்ல. கருவாடு, வினிகர், பச்சரிசி, கோழி. எல்லாரும் பிலிப்பைன்ஸ்காரங்கன்னு ஆள் பட்டியலும் கூடவே வந்தது. ரெண்டும் என் மெயில்லதான் இருக்கு.”

டீச்சர் எழுந்தார். முன்னறைக்கு வந்து அண்ணாச்சியின் மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினார். வீட்டுப்பாடம் செய்யாதவன்முன் நிற்கும் அதே தோரணை.

“ஒலெனா கப்பலுக்கு பக்வீட் குடுக்கலாம்னு நினைச்சது யாரு?”

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. “நான்தான்! பேரைப் பார்த்தேன், உக்ரைன்காரங்கன்னு பிடிச்சிட்டேன். அவங்களுக்கு அதுதான் சோறு. சொல்லாம கொள்ளாம கொண்டுபோய் வச்சு கேப்டனை அசத்தலாம்னு பார்த்தேன். அலைஞ்சும் கிடைக்கல.” மலர்ந்தது அப்படியே நின்றது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“யார்ட்ட சொன்னீங்க?”

“ஒருத்தர்ட்டயும் சொல்லல. கேடயத்துல தேடினதோட சரி.”

“அனுசியா சொல்லிருந்தா ஷாம் வேன்ல கருவாடு போயிருக்கும். போனது பக்வீட். அந்தப் பிள்ளை மெயில்ல இல்லாதது, உங்க மண்டைக்குள்ள மட்டும் இருந்தது. உளறினது யாருன்னு ஷாம் மூட்டை கட்டி எழுதி அனுப்பியிருக்கான். உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியல.”

“என் கேடயம் ஒரு சொட்டு வெளிய விடாது டீச்சர்!”

“ஆபீஸ்ல தேடினது உங்க ஃபோன்லயும் வருமா?”

“வரும். எல்லா மெஷின்லயும் ஒண்ணுபோல வரதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. திரும்பத் திரும்ப யாரு அடிச்சிக்கிட்டு இருக்கது?”

“அந்தச் சுவிட்ச் உங்க அட்டவணையில எந்தக் கட்டத்துல இருக்கு?”

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். பதினோரு கட்டத்திலும் அது இல்லை.

டீச்சர் மௌஸை இழுத்து, அந்தச் சுவிட்சில் கோத்திருந்த மெஷின்களின் பட்டியலைத் திறந்தார். மூன்று வரிகள். ஆபீஸ் கம்ப்யூட்டர், இன்று. ஃபோன், இன்று. மூன்றாவது, ‘பழைய லேப்டாப்’. கடைசியாக உயிரோடிருந்தது ஞாயிறு காலை எட்டரை. அதற்கு முன் வெள்ளி மதியம் பன்னிரண்டு. அதற்கும் முன் ஞாயிறு எட்டரை. பட்டியல் கீழே போகப் போக வெள்ளியும் ஞாயிறுமாகவே இறங்கியது.

“திருடன் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலைக்கு வாரான் போலுக்கே. சங்கத்துல உள்ள ஆளா இருப்பான்” என்றான் செந்தூர்வேல்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சிரிப்புக்குச் சமம். “நாசரேத்ல பிறந்தவளுக்கு இந்த நேரம் தெரியாதா? இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“மணி?”

“பதினொண்ணு இருபது.”

“அண்ணாச்சி, கேடயத்துல ஒண்ணு தேடுங்க. ‘கப்பலுக்கு வான்கோழி முட்டை ஐநூறு, தூத்துக்குடியில் எங்கே கிடைக்கும்?’”

“எந்தக் கப்பலும் கேட்கலையே?”

“அதனாலதான்.”

அண்ணாச்சி தட்டினார். “இந்தப் பழைய லேப்டாப் உங்க கையை விட்டு எங்க போச்சு?” என்று டீச்சர் கேட்டதற்கு, “ஒரு நல்ல காரியத்துக்கு” என்று மட்டும் சொல்லி, கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார். இடம் எதுவென்று டீச்சர் கேட்கவில்லை. “காரை எடுங்க, உங்க சர்ச்சுக்குப் போவோம்” என்றார். அண்ணாச்சியின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் அப்போதுதான் கூடிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்புகளை விட்டுவிட்டு மூவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செந்தூர்வேல் அண்ணாந்து பார்த்தான். ஒவ்வொரு மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் கொடுத்தவர் பெயர் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. சுற்றும்போது எல்லாப் பெயரும் ஒரே சிவப்பு வளையமாகத் தெரிந்தது. டியூப்லைட்டில் பெயர். கடிகாரத்தில், மணியை மறைக்கிற அளவுக்குப் பெயர். அவனும் டீச்சரும் உட்கார்ந்திருந்த பெஞ்சே ‘அன்பளிப்பு: தா. ஜெபசீலன்’.

பீடத்துக்குப் பக்கத்தில் பாட்டு வரிகள் காட்டும் வெள்ளைத் திரை. ஓரத்தில் ஒரு ஸ்டூலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

“ஷாம்!” என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார். “அவன்தான் இங்க பாட்டுத் திரை பாக்கான்.”

திரை வெளிச்சம் பெற்றது. முதலில் ஒரு கேடயம். அதன் கீழே, பனங்காய் அளவு எழுத்தில்:

‘வணக்கம், தா. ஜெபசீலன்!’

பக்கத்தில் கோட் போட்ட அவருடைய போட்டோ. செந்தூர்வேல் ஓரக்கண்ணால் பார்த்தான். இந்த நிலைமையிலும் அண்ணாச்சியின் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

ஷாம் பாட்டைத் தேட மேலே இருந்த பெட்டியில் அம்பை வைத்தான். உடனே, கடைசியாகத் தேடியவையெல்லாம் திரை நிறைய வரிசையாக இறங்கின. வான்கோழி முட்டை ஐநூறு. அதன் கீழே வியாழக்கிழமை வரும் ஒரு கப்பலின் பெயர். அதன் கீழே, ‘தலைமுடி கறுப்பாக, வீட்டில் தெரியாமல்.’

பெஞ்சுகளில் ஒரு மெல்லிய குலுக்கம் ஓடியது. சத்தமில்லாமல் சிரித்துப் பழகிய சபை.

“இந்த வாரம் முட்டையா!” என்று முன் பெஞ்சில் இருந்த ஞானபாய் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். “போன வாரம் ஏதோ தானியம்.”

“இது எத்தனை நாளா நடக்கு?” என்று டீச்சர் முன்னால் குனிந்து கேட்டார்.

“திரை வந்த நாள்ல இருந்தே. அவரு பேரு வந்ததும் கண்ணை மூடி ஜெபத்துல இறங்கிருவாரு, கீழ வாரதைப் பார்த்ததே இல்ல. கமிட்டி எலெக்‌ஷன் சமயத்துல, ‘எதிர் அணியை எப்படி ஒழிப்பது’ன்னு தேடினாரே! அதை வாசிச்சுட்டுத்தான் நாங்க எல்லாரும் ஓட்டை மாத்திப் போட்டோம்.” ஞானபாய் அம்மாள் திரும்பினாள். பின்னால் யார் இருக்கிறார் என்று கண்டாள். வேதாகமத்தை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டாள். அது தலைகீழாக இருந்தது.

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க செந்தூர்வேலுக்கே மனசு வரவில்லை. அவன் ஷாமைப் பார்த்தான். ஷாம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, முட்டை வரியையும் கப்பல் பெயரையும் எழுதிக்கொண்டு, அதன்பிறகு நிதானமாகப் பாட்டைத் திறந்தான். சபை பயபக்தியோடு எழுந்து நின்றது.

கூட்டம் கலைந்ததும் செருப்பு விடும் இடத்தில் ஷாமை மடக்கினார்கள். அவன் ஓடவில்லை, ஓட வேண்டிய காரணம் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

“நான் எங்க அண்ணாச்சி திருடினேன்? நூறு பேர் பாக்க திரையில வந்தது. நானும் பார்த்தேன்.”

“நூறு பேர் சிரிச்சாங்க. நீ ஒருத்தன்தான் நோட்டு கொண்டுவந்த” என்றார் டீச்சர். “உன்னால ஒரு பிள்ளை பாஸ் போகப் போகுதுன்னு தெரியுமா?”

ஷாமின் கண்கள் ஒரு நொடி தரையில் கிடந்த செருப்புகளுக்குப் போய்த் திரும்பின. “அது அண்ணாச்சி ஆபீஸ் விஷயம். நான் எதுக்குத் தலையிடணும்?”

“தலையிடாம எழுதி மட்டும் வச்சுக்கிடுவ. ஐநூறு வான்கோழி முட்டைக்கு ஆர்டர் குடுத்திராத. எந்தக் கப்பலும் கேட்கல.”

ஷாம் சட்டைப் பையைத் தொட்டான்.

“அந்த நோட்டை எங்கிட்ட குடு. குடுக்கலைன்னா பிடுங்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஞானபாய் அம்மாட்ட சொல்லிட்டுப் போயிருவேன்.”

நோட்டு உடனே வந்தது. ஷாமுக்கு போலீஸ் பயம் இல்லை; ஞானபாய் அம்மாளின் வாய் பயம் இருந்தது.

“ஆனா ஒண்ணு டீச்சர்” என்றான், நோட்டைப் பறிகொடுத்த எரிச்சலில். “லேப்டாப் வந்த அன்னைக்கே கேட்டேன், பழசையெல்லாம் துடைச்சுட்டுப் புதுசா போடவான்னு. இவருதான் வேண்டாம்னாரு. துடைச்சா திறக்கும்போது பேரு வராதாம். ‘ஃபேன்ல போட்டா சுத்தும்போது தெரிய மாட்டேங்கு, இதுலதான் நின்னு தெரியுது, அப்படியே இருக்கட்டும்’னாரு.”

டீச்சர் அண்ணாச்சியைத் தலையிலிருந்து கால்வரை, பூச்சி பிடித்த கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எந்த பிரவுசர் நல்லதுன்னு ரெண்டு மாசம் ஆராய்ச்சி பண்ணினீங்க. யாருக்கு ஒளிக்கோம்னு ரெண்டு நிமிஷம் யோசிக்கல. கடல் தாண்டி இருக்க கம்பெனிக்கு ஒளிச்சீங்க. அவனுக்கு உங்க முடி கறுத்தா என்ன, வெளுத்தா என்ன? முன் பெஞ்சுக்கு ஒளிக்கல. கேடயம் வெளியாளை நிறுத்திச்சு, அதோட வேலையை அது ஒழுங்கா செஞ்சிருக்கு. நீங்களே சுவிட்சைப் போட்டு உள்ள விட்ட மெஷினை அது எப்படி நிறுத்தும்? அந்தப் பிள்ளை, மறைக்க வேண்டாததுக்கு ஒண்ணு, மறைக்க வேண்டியதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பிரவுசர் வச்சா. அவளுக்கு நீங்க துரோகின்னு பேர் வச்சீங்க.”

“அதையும் பெயிண்ட்ல எழுதியிருப்பாரு, ஃபேன்ல இடம் இல்ல” என்றான் செந்தூர்வேல்.

ஆபீஸுக்குத் திரும்பும்போது மணி இரண்டு. அனுசியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தாள். அண்ணாச்சி அவளைக் கடந்து போய், தம் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

“சரி சரி. வேலையைப் பாரு.”

“கடிதம்” என்றார் டீச்சர்.

அஞ்சு மணிக்குப் போகவிருந்த மெயிலை அண்ணாச்சி அழித்தார். அழித்ததை அனுசியா கண்ணால் பார்க்கட்டும் என்று டீச்சர் திரையைத் திருப்பி வைத்தார். அவள் பார்த்தாள். பாஸை உரித்துக்கொண்டிருந்த நகம் நின்றது.

“அடுத்தது, பழைய லேப்டாப். பட்டியலை விட்டு எடுங்க.”

அண்ணாச்சி அம்பை மூன்றாவது வரிக்குக் கொண்டுபோனார். ‘இந்த மெஷினை நீக்கவா?’ என்று கேடயம் கேட்டது. விரல் மௌஸ்மேல் நின்றது. ஒரு கப்பல் மட்டுமா போயிருந்தது? மூன்று. கமிட்டிப் பதவி போயிருந்தது. திரை வந்த நாள் முதல் ஒரு சபையே அவர் மண்டைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்திருந்தது. அவ்வளவும் தெரிந்த பிறகும் விரல் நின்றுகொண்டே இருந்தது.

“டீச்சர்” என்றார் மெதுவாக. “இதை எடுத்துட்டா... ஞாயித்துக்கிழமை திரையில பேரு வராதோ?”

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாலு வருடத்தில் அப்படி ஒன்றை செந்தூர்வேல் பார்த்ததே இல்லை.

அனுசியா எழுந்து வந்தாள். அண்ணாச்சியின் கையை, மேஜைமேல் கிடந்த வெறும் காகிதத்தைத் தள்ளுவதுபோல ஒதுக்கிவிட்டு, அவளே மௌஸைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். மூன்றாவது வரி மறைந்தது.

பிறகு தன் மேஜைக்குப் போய், கைப்பையைக் கீழே வைத்து, எல்லாரும் பார்க்கும்படியாக உலகமே வச்சிருக்கிற அந்த பிரவுசரைத் திறந்தாள்.

“வியாழக்கிழமைக் கப்பல் முந்தியே வருது அண்ணாச்சி. நாளைக்கே உள்ள வருது. கோழியும் வெங்காயமும் கேட்டிருக்காங்க. வேனுக்குச் சொல்லவா, இல்ல உங்க அட்டவணையைக் கேட்கணுமா?”

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். பிறகு வேன்காரனுக்கு அவரே ஃபோன் போட்டார்.